படகில் நடு இடம் யாருக்கு? திருத்தணி மலையிலிருந்து பழவேற்காடு கரை வரை

திருத்தணி மலைக்குப் போகிறவர்கள் படிகளை எண்ணாமல் ஏறுவதில்லை. மொத்தம் 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 இரவு படித் திருவிழா. பஜனைக் கோஷ்டிகள் ஒவ்வொரு படியிலும் நின்று திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறி, புத்தாண்டை முருகன் சந்நிதியில் வரவேற்பார்கள். சூரசம்ஹாரம் முடிந்து முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால் தணிகை. ஆறுபடை வீடுகளில் ஒன்று.

மலை மேலிருந்து பார்த்தால் நாலாபக்கமும் மலை, வயல், ரயில் தண்டவாளம். வடக்கே ஆந்திர மலைகள் நீலமாக அடுக்கடுக்காகத் தெரியும். கடைத்தெருவில் இறங்கினால் ஒரு காதில் தமிழ், மறு காதில் தெலுங்கு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ம் தேதி பிறந்தது இங்கேதான். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்நின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 முதல் நம் மாநிலத்தோடு சேர்ந்தது.

எல்லாம் உண்டு. கடல் மட்டும் கிடையாது. ஆனாலும் இந்த ஊருக்குத் தண்ணீரில் மிதக்கும் ஒன்றோடு பழைய உறவு இருக்கிறது. அது தெப்பம்.

சரவணப் பொய்கையில் ஒரு பாடம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி காவடிகளால் நிறைந்துவிடும். மலையடிவாரத்தில் இருக்கும் சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பத் திருவிழா நடக்கும். மாலை இருட்டியதும், விளக்கு அலங்காரத்தோடு சுவாமி தெப்பத்தில் குளத்தைச் சுற்றி வருவார். கரை முழுக்க அரோகரா சத்தம்.

அடுத்த முறை பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தெப்பத்தில் சுவாமி எப்போதும் நட்டநடுவில்தான் இருப்பார். அது மரியாதைக்காக மட்டுமல்ல. மிதக்கும் பொருளில் பாரம் நடுவில் இருந்தால்தான் நாலு பக்கமும் சமமாக நிற்கும். அர்ச்சகர்களும் வாத்தியக்காரர்களும் அவரைச் சுற்றி இரண்டு பக்கமும் பிரிந்துதான் நிற்பார்கள். எல்லாரும் ஒரே ஓரத்துக்கு வந்தால் தெப்பம் அந்தப் பக்கம் சாயும்.

தெப்பத்துக்கு வேலை ஒன்றே ஒன்று, சுவாமியைச் சுமப்பது. அதனால் நடு இடம் யாருக்கு என்ற கேள்வியே அங்கே எழாது. மீன்பிடிப் படகில் ஓட்டுகிறவர், வலை, ஐஸ் பெட்டி, டீசல், பிடித்த மீன் எல்லாமே இடம் கேட்கும். நடு இடம் யாருக்கு?

இந்தக் கேள்வியைத் திருத்தணிக்குக் கொண்டுவந்தவன் என் தம்பி. சித்தப்பா மகன். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி மெக்கானிக். அவனோடு ஐ.டி.ஐ. படித்த நண்பர் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தைச் சேர்ந்தவர். இரண்டு பேரும் பணம் போட்டு இருபது அடியில் சின்ன ஃபைபர் படகு வாங்குவது. நண்பர் தொழில் செய்வது. வருமானத்தில் ஒரு பங்கு தம்பிக்கு. இதுதான் திட்டம். நண்பருக்கு அது பிழைப்பு. தம்பிக்கோ அது கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த காசு.

படகு செய்து தருகிறவர் செல்போனில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்றின் பெயர் 'சென்டர் கன்சோல்', இன்னொன்று 'சைடு கன்சோல்'. "எது வேணும்னு சொல்லுங்க, வேலையை ஆரம்பிச்சிடறேன்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் கூடவே.

"அக்கா, எதுன்னு சொல்லேன்" என்றான் தம்பி.

"தண்ணிய பாக்காம எப்படிடா சொல்றது? கிளம்பு, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றேன்.

முதலில், கன்சோல் என்றால் என்ன?

இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன மேடை. அதில் ஸ்டீயரிங், கியர் கைப்பிடி, சாவி, மீட்டர்கள் எல்லாம் இருக்கும். அதன் பின்னால் நின்றோ உட்கார்ந்தோ படகை ஓட்டலாம். இன்ஜின் பின்பக்கம் இருக்கும். மேடையிலிருந்து அதற்குக் கேபிள்கள் போகும்.

இந்த மேடை படகின் நடுவில் இருந்தால் சென்டர் கன்சோல். இரண்டு பக்கமும் நடந்துபோக வழி இருக்கும். தூண்டிலில் பெரிய மீன் மாட்டிக்கொண்டு படகைச் சுற்றி ஓடினால், பிடிக்கிறவரும் தூண்டிலோடு கன்சோலைச் சுற்றி வரலாம். வெளிநாடுகளில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் இதை விரும்புவது அதனால்தான். பாரமும் நடுவில் இருக்கும். அதாவது தெப்பக் கணக்கு.

மேடையை ஒரு ஓரமாக, பெரும்பாலும் வலப்பக்கம் ஒட்டி வைத்தால் சைடு கன்சோல். ஒரு பக்கம் வழி அடைபடும். மறுபக்கமும் நடுவும் சேர்ந்து ஒரே அகலமான இடமாகக் கிடைக்கும்.

அது ஏன் வலப்பக்கம்? மூன்று காரணங்கள். பழைய ஐரோப்பியக் கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் கட்டப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் கப்பலின் வலப்பக்கத்தை 'ஸ்டார்போர்டு' என்று சொல்வதே அதிலிருந்து வந்ததுதான். இரண்டாவது, கடல் விதிப்படி இரண்டு இன்ஜின் படகுகள் குறுக்கே சந்தித்தால், தன் வலப்பக்கத்தில் வரும் படகுக்கு நாம் வழிவிட வேண்டும். ஓட்டுகிறவர் வலப்பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். மூன்றாவது, பெரும்பாலான இன்ஜின்களின் விசிறி, பின்னாலிருந்து பார்த்தால், கடிகாரம் சுற்றுகிற திசையில் சுற்றும். அதன் எதிர்விசையில் சின்னப் படகு லேசாக இடப்பக்கம் சாயப் பார்க்கும். வலப்பக்கம் ஓர் ஆள் இருந்தால் அது சமமாகும்.

படத்தைப் பார்க்கும்போது சென்டர் கன்சோல்தான் கம்பீரம். தம்பிக்கும் மனசு அதில்தான் இருந்தது.

தண்ணீர் போகும் வழியே

திருத்தணியிலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இரண்டும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்குப் போகிற பயணம்.

இந்தப் பாதையில் போனால் மாவட்டத்தின் தண்ணீர்க் கதை முழுவதையும் பார்த்துவிடலாம். திருத்தணிப் பக்கம் மழை பெய்தால் நந்தி ஆற்றில் ஓடி கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. அது பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. 1944-ல் கட்டி முடித்த, சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய இந்த ஏரிதான் சென்னையின் தாகத்தைத் தீர்க்கிறது. மிஞ்சிய தண்ணீர் எண்ணூரில் கடலைத் தொடுகிறது. எண்ணூரையும் பழவேற்காட்டையும் இணைப்பது பக்கிங்காம் கால்வாய்.

திருவள்ளூர் தாண்டி பெரியபாளையம் போனால் இன்னொரு ஆறு. பவானி அம்மன் கோயிலை ஒட்டி ஓடும் ஆரணி ஆறு. ஆடி மாதம் என்றால் வண்டி நகராது, அவ்வளவு கூட்டம். அதே ஆரணி ஆறு பொன்னேரி வழியாகப் போய் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஆக, மலையடிவாரத்தில் தெப்பம் பார்த்துவிட்டு ஆறுகளை ஒட்டியே கிழக்கே வந்தால் படகு பார்க்கும் இடத்துக்கு வந்து சேரலாம்.

மூன்று தண்ணீர் சேரும் ஊர்

பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடிதான் நமக்கு. ஆற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர், மழைத் தண்ணீர் மூன்றும் கலக்கும் இடம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கக் கடலில் மீன் பிடிக்கப் போக முடியாது.

டச்சுக்காரர்கள் இங்கே 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துக் குழந்தைகள் முதலில் பயப்படும், பிறகு செல்ஃபி எடுக்கும்.

ஏரி பார்க்கக் கடல் மாதிரி விரிந்திருக்கும். ஆழம் மட்டும் பல இடங்களில் இடுப்பு, மார்பு அளவுதான். கோல் ஊன்றிப் படகு தள்ளுகிறவர்களை நடு ஏரியிலும் பார்க்கலாம். ஏரியும் கடலும் சந்திக்கும் இடம் முகத்துவாரம். மணல் சேர்ந்து சேர்ந்து அது குறுகும். சில வருடம் அடைத்தே போகும். அலை உடைகிற அந்த மணல்திட்டைத் தாண்டித்தான் படகுகள் கடலுக்குப் போக வேண்டும். எங்கள் கேள்விக்கு விடை இருந்தது இந்த இடத்தில்தான்.

கரையில் நிற்கும் படகுகளில் கன்சோலே இல்லை!

கரை நெடுக ஃபைபர் படகுகள். நீலம், பச்சை, மஞ்சள். ஒன்றிலும் கன்சோல் இல்லை. ஸ்டீயரிங் சக்கரமும் இல்லை. படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அமரத்தில் நீண்ட தண்டோடு ஓர் இன்ஜின். லாங் டெயில் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். அதன் கைப்பிடியைப் பிடித்தபடி ஓட்டுகிறவர் பின்னால் நிற்பார். அவ்வளவுதான்.

கட்டுமரக் காலத்திலிருந்தே திசை பார்க்கிறவருக்குப் பின்னால்தான் இடம். நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரன்' ஆனது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. படகு மாறியது; நிற்கிற இடம் மாறவில்லை.

நண்பரின் அப்பா வலையில் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தார். தம்பி செல்போனில் படத்தைக் காட்டினான். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நடுவுல இந்தப் பொட்டிய வெச்சிட்டா வலைய எங்கப்பா வெப்ப?" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

வலை குவிந்து கிடப்பது படகின் நடுவில். மிதவை ஒரு பக்கம், ஈயக்குண்டு ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கியிருப்பார்கள். வலை விடும்போது அது சரசரவென்று ஓடும். வழியில் ஒரு கைப்பிடி, ஒரு போல்ட், ஒரு கூர்மையான மூலை இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். மாட்டிய வலையை ஓடுகிற படகு இழுத்தால் கிழிவது வலை மட்டும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கிறவர் காலையும் சேர்த்து இழுக்கும். அதனால்தான் தொழில் படகின் உட்பக்கம் வழுவழுவென்று வெறுமையாக இருக்கிறது. பார்க்க அழகில்லாத அந்த வெறுமைதான் அதன் வசதி.

அடுத்தது, அமரத்தில் நிற்கிறவர் கண்ணுக்கு எல்லாரும் தெரிவார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், வலை எந்தப் பக்கம் போகிறது, விசிறியில் சிக்கப்போகிறதா, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

மூன்றாவது முகத்துவாரம். மணல்திட்டில் விசிறி தட்டப் போகிறது என்றால் ஒரே அமுக்கில் தண்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும். இன்ஜின் பக்கத்திலேயே நிற்கிறவரால் அது முடியும். ஆறடி தள்ளிக் கன்சோலில் நிற்கிறவர் பட்டனைத் தேடுவதற்குள் அலை வந்துவிடும்.

இது ஒரு குப்பத்தின் பழக்கம் மட்டுமல்ல. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், இந்தக் கரைக்கு ஏற்ற படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. துறைமுகம் இல்லாமல் அலையில் மோதிக் கரையேறும் படகுக்கு முதல் தேவை, சட்டென்று தூக்கக்கூடிய விசிறித் தண்டு. அந்த வல்லுநர்களும் பெரிதாக மெனக்கெட்டது அதற்குத்தான்.

டேப் எடுத்து அளந்தபோது

அப்படியானால் கன்சோலே வேண்டாமா? நண்பருக்கு அதில் ஒரு நியாயமான காரணம் இருந்தது. அவர் வலையைவிடத் தூண்டில் தொழிலை அதிகம் நம்புகிறார். வஞ்சிரம், பாறை என்று தேடி வெகுதூரம் போக வேண்டும். மணிக்கணக்கில் முறுக்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து நின்றால் தோள்பட்டை போய்விடும். அவுட்போர்டு இன்ஜின் மாட்டி, ஸ்டீயரிங் வைத்து, மீட்டர்களையும் ஜி.பி.எஸ்.ஸையும் கண் முன்னால் பார்த்து ஓட்ட நினைக்கிறார். நாளை முதுகு வலியோடு அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்று அவருக்கு இருக்கிறது.

மெக்கானிக் தம்பி உடனே டேப்பை எடுத்தான். அவர்கள் வாங்க நினைக்கும் அளவிலேயே ஒரு பழைய படகு மணலில் கிடந்தது. வெளி அகலம் ஆறடி. இரண்டு பக்கச் சுவர் போக உள்ளே ஐந்தடி. கன்சோல் அகலம் இரண்டரை அடி. நடுவில் வைத்தால் பக்கத்துக்கு ஒன்றேகால் அடிதான் மிச்சம்.

கணக்கோடு நிற்காமல், இரண்டு மீன் கூடைகளை அடுக்கிக் கன்சோல் மாதிரி நடுவில் வைத்தார்கள். நண்பர் கையில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வர முயன்றார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் வர முடிந்தது. நிற்கிற படகில், காய்ந்த மணலில், இந்த நிலை. ஈரத் தளத்தில், ஆடுகிற படகில் யோசித்துப் பாருங்கள்! ஒரு கால் வழுக்கினால் சுவர் முழங்கால் உயரம்தான், நேரே தண்ணீர்.

கூடைகளை வலப்பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். இடப்பக்கம் இரண்டரை அடி தாராளமாகக் கிடைத்தது. ஐஸ் பெட்டி நேராக வந்தது. வலை குவிக்கவும் இடம் இருந்தது.

அகலம் எட்டடி, எட்டரை அடி என்று போகும் பெரிய படகில் இதே சென்டர் கன்சோல் அருமையாக இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் ஓடலாம். ஆறடிப் படகில் அதே வசதி இடைஞ்சலாகிவிடுகிறது. படத்தில் பார்த்தது பெரிய படகு. வாங்கப்போவது சின்னப் படகு.

சாய்மானக் கணக்கு

சைடு கன்சோலின் குறையும் தெப்பத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஓட்டுகிறவர் எண்பது கிலோ, கன்சோல் நாற்பது கிலோ என்றால், 120 கிலோ எப்போதும் ஒரே ஓரத்தில். ஆறடிப் படகு அதை உணரும்.

தீர்வு, மறுபக்கம் பாரம் வைப்பது. பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் இடப்பக்கம் கொண்டுபோகலாம். ஆனால் டேங்க் போகும்போது நிறைந்திருக்கும், வரும்போது காலி. 25 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 18 கிலோ. ஐஸ் பெட்டி இதற்கு நேர்மாறு: போகும்போது லேசு, வரும்போது மீனோடு கனம். இரண்டையும் இடப்பக்கமே வைத்தால் ஒன்று குறையும்போது இன்னொன்று ஏறும். ஓரளவு சமமாகிவிடும். "தறியில பாவு உருளை இளைக்க இளைக்க துணி உருளை பெருக்குமே, அந்த மாதிரி!" என்று தம்பிக்குச் சந்தோஷம். பெரியவரும் சிரித்துவிட்டார்.

சிரிப்புக்கு நடுவே அவர் ஏரியைக் காட்டி ஒன்று சொன்னார். "சமாச்சாரம் கணக்கு மட்டும் இல்லம்மா. எத்தினி பேரு ஏறலாம், ஏறனவன் எங்க குந்தணும். அதாம்மா படகு."

அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. மீன்பிடிப் படகு வலைக்கும் ஐந்தாறு தொழிலாளிகளுக்கும் ஏற்றபடி செய்தது. படகு ஆடும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. ஒரு பக்கம் பறவை தெரிந்தால் எல்லாரும் அந்தப் பக்கம் எழுந்து நிற்போம். விபத்துக்குப் பிறகு இங்கே சுற்றுலாப் படகு சவாரி தடை செய்யப்பட்டது. நாங்களும் கரையில் நின்றே எல்லாம் பார்த்தோம்.

ஏரிக்கும் முறை உண்டு

"படகு வாங்கிட்டா ஏரியிலயே தூண்டில் போடலாமே, கடலுக்கு ஏன் போகணும்?" என்று தம்பி கேட்டதற்கும் விடை கிடைத்தது. ஏரியில் மீன் பிடிக்க இங்கே 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எறா கிடைக்கும் நல்ல இடங்களில் இன்ன நாள் இன்ன குப்பத்தார், இன்ன குடும்பத்தார் வலை கட்டலாம் என்று சீட்டு எடுத்து, முறை வைத்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் நல்ல இடமும் கிடைக்கும், சுமாரான இடமும் கிடைக்கும். வெளியாள் படகு வாங்கி வந்து நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

மாநில எல்லையும் இந்த ஏரிக்குள்தான் ஓடுகிறது. தண்ணீரில் கோடு போட முடியாது. மீனுக்கும் எறாவுக்கும் எல்லை தெரியாது. இரண்டு பக்க மீனவர்களுக்கும் இதனால் உரசல் வந்ததுண்டு. திருத்தணிக்காரர்களுக்கு இது புதுசா என்ன? நிலத்தில் நடந்த எல்லைக் கதை 1960-ல் முடிந்தது. தண்ணீரில் அது முடிகிற கதை இல்லை.

ஆக, படகு ஓடப்போவது முகத்துவாரம் தாண்டிய கடலில் என்பது உறுதியானது. அதற்கேற்ற முடிவையும் அன்று மாலையே எடுத்தார்கள்.

வலப்பக்கம் சைடு கன்சோல். ஆனால் கம்பெனிப் படத்தில் இருந்ததைவிட இரண்டடி பின்னுக்குத் தள்ளி, இன்ஜினை எட்டித் தொடும் தூரத்தில். மூலைகள் எல்லாம் வளைவாக, வலை மாட்டாதபடி. பேட்டரி, டேங்க், ஐஸ் பெட்டி மூன்றும் இடப்பக்கம். ஸ்டீயரிங் கேபிள் உப்பில் துருப்பிடித்து நடுக்கடலில் அறுந்தால் என்ன செய்வது? இன்ஜினைக் கையால் திருப்ப ஒரு கைப்பிடியும், இரண்டு துடுப்பும் எப்போதும் படகில். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இன்ஜின் தானே நிற்கும்படி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு. ஃபைபரில் துளை போடும் முன்பு, பிளைவுட் பெட்டியை வைத்துக் கட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது. பதிவு, உரிமம் எல்லாம் மீன்வளத் துறையில் நண்பர் பெயரிலேயே.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நடு எடம் காலியா இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். "இருக்குதுப்பா" என்றார் மகன். அவர் மறுபடி வலையைத் தைக்க ஆரம்பித்தார். அதுதான் சம்மதம்.

நீங்கள் போகும்போது

எப்படிப் போவது: திருத்தணிக்குச் சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகப் புறநகர் ரயில் உண்டு. பழவேற்காட்டுக்குக் கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். சொந்த வண்டி என்றால் திருத்தணி, திருவள்ளூர், பெரியபாளையம், பொன்னேரி வழி. காலையில் முருகன், வழியில் பவானி அம்மன், மதியத்துக்கு மேல் ஏரி என்று ஒரே நாளில் முடிக்கலாம்.

எப்போது போவது: குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஆடிக் கிருத்திகை சமயம் தெப்பம் பார்க்கலாம். கூட்டத்துக்குத் தயாராக இருங்கள்.

என்ன பார்க்கலாம்: டச்சுக் கல்லறைத் தோட்டம், ஏரிப் பாலம், கலங்கரை விளக்கம் இருக்கும் குப்பத்துப் பக்கக் கடற்கரை. ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகள், பெட்டிகள் பரிசு கொடுக்க அழகாக இருக்கும்.

என்ன வாங்கலாம்: எறாவும் நண்டும் காலையில் வந்ததும் வாங்கினால்தான் ருசி. ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். திரும்பி வரும்போது அதை வண்டியின் எந்தப் பக்கம் வைத்தாலும் பரவாயில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை: "சும்மா ஒரு ரவுண்டு போலாம் வாங்க" என்று யார் கூப்பிட்டாலும் மீன்பிடிப் படகில் ஏறாதீர்கள். கரையிலிருந்து பார்த்தாலே ஏரி போதும் போதும் என்கிற அளவுக்கு அழகு. சூரியன் சாயும் நேரத்தில், அமரத்தில் ஓர் ஆள் நின்றபடி, நடுவில் வலை குவிந்தபடி, படகுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்துக்குள் நுழைவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஓட்டுகிறவர் ஏன் பின்னால் நிற்கிறார் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.